பத்துக்குப் பத்து அறையும் அஞ்சு பேரும்

இடம் பத்தாத வீட்டுக்கு யூடியூபில் யோசனை தேடினால் மடக்குக் கட்டில், அடியில் பெட்டி வைத்த சோபா என்று எல்லாமே வாங்கச் சொல்லும் சாமான்கள்தான். ஓர் அறையும் ஓர் அடுப்படியும் மட்டும் உள்ள வீட்டில் முதல் வேலை வாங்குவது இல்லை, வெளியே எடுப்பது.

கணக்குப் போடுவோம். பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. ஐந்தடி அகலம், ஆறேகால் அடி நீளத்தில் ஒரு டபுள் காட் போட்டால் 31 சதுர அடி காலி. பகலில் யாருமே படுக்காத ஒரு பொருளுக்கு அறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! பாயை விடிந்ததும் சுருட்டி நிறுத்திவிடலாம். அதே தரையில் சாப்பிடலாம், காய் நறுக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். முட்டிவலிக்காரப் பெரியவர்களுக்குக் கட்டில் கட்டாயம் வேண்டும், அதில் கணக்குப் பார்க்கக் கூடாது. இரண்டரை அடி அகலத்தில் ஒரு திவான் அவர்களுக்குப் போதும்.

அடுத்து பீரோ. அது அடைக்கும் இடத்தைவிட, ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், கதவைச் சேர்க்காமல் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றும் வெளிச்சமும் வரத் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 17 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல்கூட அதற்குச் சற்றுக் குறைவுதான். சென்னையில் நான் பார்த்த போர்ஷன் வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது. அந்தப் பாதியையும் பீரோவின் முதுகு அடைத்தால் சித்திரை மாத ராத்திரியில் குழந்தை எப்படித் தூங்கும்?

மிஞ்சும் இடத்தில் முதல் உரிமை படிக்கிற பிள்ளைக்கு. சுவரில் கீல் வைத்து, இரண்டு சங்கிலியில் நிற்கிற ஒன்றரை அடிப் பலகை போதும். எழுதி முடித்ததும் மடக்கிவிடலாம். அது விரிந்திருக்கும் நேரம் டிவி ஓடக் கூடாது. அடுத்த உரிமை பெண்களுக்கு. அறையின் ஒரு மூலையில் கம்பி மாட்டி, தரை வரை ஒரு திரை போடுங்கள். வயதுக்கு வந்த பெண் உடை மாற்ற, வீட்டில் உள்ள ஆண்கள் எல்லாரும் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை எத்தனை வீட்டில் இருக்கிறது! திரைக்கு ஆகும் செலவு ஒரு பழைய புடவை.

பரணில் ஏற்றுவதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். போன போகியிலிருந்து இந்தப் போகி வரை ஒருமுறைகூட இறக்காத பொருள் யாருக்காவது பயன்படட்டும், கொடுத்துவிடுங்கள்.

ஆனால் பலகைக்கும் திரைக்கும் சுவர் வேண்டும். "ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் பல இடங்களில் சாவியே தருகிறார்கள். அப்போது சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான், எல்லாச் சாமானும் தரைக்கு வந்துவிடுகிறது. ஒற்றை அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர்களை வேண்டிக் கேட்கிறேன்: பூசும்போதே இரண்டு சுவரில் ஆளுயரத்துக்கு மரச்சட்டமும், திரைக்கும் கொடிக்கும் நாலு கொக்கியும் பதித்துவிடுங்கள். உங்கள் சுவரும் பாழாகாது.