ஆண்டுக்கு 0.7 கசையடி

அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்தில், லூசியானாவில் பென்னட் பாரோ என்றொரு பருத்திப் பண்ணையார். எந்த அடிமையை என்றைக்கு அடித்தோம் என்பதையெல்லாம் குறித்து வைத்த மனிதர். அந்தக் குறிப்புகளை வைத்து பொருளாதார வரலாற்றாசிரியர்களான ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் 1974இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 தடவைதான் கசையடி. படித்தவுடன் 'அவ்வளவு மோசமில்லை போலிருக்கே' என்று தோன்றும். கம்ப்யூட்டர் வைத்துப் போட்ட கணக்கு வேறு, கேட்கவா வேண்டும், பத்திரிகைகள் கொண்டாடின.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் அதே தரவை எடுத்து வேறு மாதிரி வகுத்தார். சுமார் இரண்டு ஆண்டில் 160 தடவை. அப்படியென்றால் அந்தப் பண்ணையில் நாலரை நாளுக்கு ஒருவர் அடி வாங்கியிருக்கிறார். முதுகு ஒருவருடையது, பார்த்து நடுங்கியது அத்தனை பேரும். கறுப்பர்களைக் கும்பலாகக் கூடிக் கொன்ற சம்பவங்களையும் இப்படி மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரும், அதை வைத்துப் பயத்தை அளப்பீர்களா என்று கேட்டார். (ஃபோகலுக்கு 1993இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்த 0.7க்காக இல்லை என்று நம்புவோம்.)

இதை வைத்து கட்மனை எண்களுக்கு எதிரி என்று நினைத்தால் தப்பு. அவரும் எண்ணிக்கொண்டே இருந்தவர்தான். கறுப்பினக் குடும்பங்கள் சிதைந்து கிடப்பதற்கு வேர் அடிமைமுறையில் இருக்கிறது என்று 1965இல் அமெரிக்க அரசின் மொய்னிஹன் அறிக்கை சொன்னது. அரசாங்கமே சொன்ன பிறகு பலருக்கு அது வசதியாகவும் இருந்தது. கட்மன் பண்ணைகளின் பிறப்புப் பதிவேடுகளில் போய் உட்கார்ந்தார். தென் கரோலைனாவின் குட் ஹோப் பண்ணை ஏட்டில், பிள்ளைகளுக்கு அப்பன் பெயரை வைத்திருக்கிறார்கள். ரத்த உறவில் கல்யாணம் கட்டவில்லை. முதலாளி வர்க்கத்திலோ ஒன்றுவிட்ட சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்வது சகஜம். அதாவது அடிமைகள் எஜமானரைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை, தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலாளி தன் சொத்துக்கணக்குக்காக எழுதி வைத்த ஏட்டிலிருந்தே இதை எடுத்துக்காட்டியதுதான் எனக்குப் பிடித்த இடம். 1976இல் இது பெரிய நூலாக வந்தது.

அடிமைகளின் சுயேச்சையைத் தூக்கிப் பிடித்ததில் எஜமானர்களின் கொடூரம் சற்றுப் பின்னால் போய்விட்டது என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு மக்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டவர் என்பதால் நான் அவர் கட்சிதான்.

தொழிலாளர் வரலாற்றிலும் இதே வேலையைத்தான் செய்தார். அதற்கு முன் பெரும்பாலும் சங்கத் தலைவர்களையும் சங்கத் தீர்மானங்களையும் எழுதினார்கள். கட்மன் நியூஜெர்சியின் பட்டு நகரமான பேட்டர்சனுக்குப் போனார். வேலைநிறுத்தம் வந்தால் ஊர்க் கடைக்காரரும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் ஆலை முதலாளி பக்கம் நிற்பார்கள் என்றுதானே நினைப்போம்? பல சமயம் நேர்மாறாக, தொழிலாளர் பக்கமே நின்றிருக்கிறார்கள். புதிதாகப் பணம் கொண்டுவந்து இறங்கிய முதலாளிக்கு ஊரில் மரியாதை தானாக வந்துவிடவில்லை.

அப்புறம் 1970களின் இறுதியில் தொழிற்சங்க ஆட்களுக்கே வரலாற்று வகுப்பு எடுத்தார். 1981இல் ஸ்டீபன் பிரையருடன் அமெரிக்கச் சமூக வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பாடநூலைப் பார்க்க அவர் இல்லை. 1985இல் இறந்துவிட்டார்.

கட்மனைப் படிக்க நினைப்பவர்கள் பெரிய நூலைக் கண்டு மலைக்க வேண்டாம். ஃபோகல், எங்கர்மன் கணக்குக்கு மறுப்பாக 1975இல் எழுதிய சின்னப் புத்தகத்தில் தொடங்குங்கள். கோபமும் கணக்கும் சேர்ந்து ஓடும்.