மைலேஜ் யாரு சார் பாக்குறாங்க?

போன வாரம் பெட்ரோல் விலை மறுபடியும் ஏறியது. பத்து வருடம் உழைத்த என் காரும் அதே நேரம் பார்த்துக் கிளட்ச், சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பித்தது. சரி, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற சின்ன வண்டி ஒன்றைப் பார்ப்போம் என்று ஷோரூமுக்குப் போனேன். நான்கு நாள் ஆகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது.

உள்ளே காலை வைத்ததும் விற்பனைப் பையன் என்னை நேராக எங்கே அழைத்துப் போனான் தெரியுமா? நடு ஹாலில், மேடை கட்டி, நாலு பக்கமும் விளக்குப் போட்டு நிறுத்தியிருந்த எஸ்யூவியிடம், அதாவது உயரமான பெரிய காரிடம். என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கதவைச் சாத்திப் பாருங்க சார், அந்தச் சத்தத்தைக் கேளுங்க" என்றான். சாத்தினேன். "எப்படி சார், கெத்தா இல்ல?" கதவுச் சத்தம் கேட்கவா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன்?

"தம்பி, சின்ன கார் பார்க்கணும்" என்றேன். அவன் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. ஹாலின் கடைசி மூலையில், கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது. பானட் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. சாவியைத் திருகினான், பேட்டரி இறங்கிக் கிடந்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஓட்டிப் பார்க்க வேறு வண்டி இருக்கிறதா என்றால், "இந்த மாடல்ல டெஸ்ட் டிரைவ் வண்டி வெக்கல சார், கேக்கறவங்க கம்மி." தூசி படிய மூலையில் போட்டு, பேட்டரி சார்ஜ்கூடப் போடாமல் வைத்துவிட்டு, கேட்பவர் கம்மி என்றால் எப்படி?

எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான்: "மைலேஜ் யாரு சார் இப்ப பாக்குறாங்க?"

விலை ஏறிய அதே வாரத்தில்! பங்க்கில் மனிதர்கள் ஓடும் மீட்டரையே வெறித்துக்கொண்டு நிற்கிற வாரத்தில்!

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சின்னது இருபது குடுக்கும், பெரிசு பன்னெண்டு குடுக்கும். எட்டு கிலோமீட்டர்தான சார் வித்தியாசம்" என்றான். கையில் கால்குலேட்டர் வைத்திருந்தான். எஸ்யூவிக்கு மாதத் தவணை எவ்வளவு என்று டக்டக்கென்று தட்டி, திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "இதே கால்குலேட்டர்ல பெட்ரோலையும் ஒருதடவை போடுப்பா" என்றேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் முன்னால் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சரி, நானே போட்டேன். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 20 கொடுக்கிற வண்டி 600 லிட்டர் குடிக்கும். 12 கொடுக்கிறது 1,000 லிட்டர் குடிக்கும். வருடத்துக்கு 400 லிட்டர் அதிகம், பத்து வருடத்தில் 4,000 லிட்டர். பெட்ரோல் எந்த விலைக்கு விற்றாலும் இந்த லிட்டர் மாறாது. இதற்குப் பெயர் "எட்டு கிலோமீட்டர்தான"! அதிலும் அந்த 20, 12 எல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தால் இரண்டுமே இறங்கும்.

அந்தப் பெரிய வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? இன்று விற்கிற சின்ன எஸ்யூவிகள் பலவற்றின் அடியில் இருப்பது ஒரு ஹேட்ச்பேக்கின், அதாவது டிக்கி தனியாக நீட்டாத சின்ன காரின், அடித்தளம்தான். அதையே உயர்த்தி, அகலமான டயர் மாட்டி, முகத்தைப் பெட்டி மாதிரி ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். உயரமும் எடையும் கூடினால் காற்றைத் தள்ளவும் கிளம்பி நகரவும் அதிக எரிபொருள் வேண்டும். அந்தக் கூடுதலை பங்க்கில் கட்டுவது யார்? நாம்.

இது முதல் தடவை நடக்கிற சங்கதியும் இல்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கம் போய்விட்டது. படகு மாதிரி கார்களில் போனவர்கள் ஹோண்டா சிவிக் மாதிரி ஜப்பானியச் சின்ன வண்டிகளைத் தேடி ஓடினார்கள். கார்கள் சராசரியாக இவ்வளவு மைலேஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1975இல் சட்டமும் போட்டார்கள். ஆனால் பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப், எஸ்யூவி வகைகளுக்கு மட்டும் தனியாக, தளர்வான விதி வைத்தார்கள். 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் எஸ்யூவிகள் ஊருக்குள் வந்தன.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதற்கு முன்பே, அந்த மே மாதம், பல வருடங்களாக அமெரிக்க விற்பனையில் முதலிடத்தை விடாத ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை சிவிக் தாண்டிவிட்டது. பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை, மறுவிற்பனை விலை படுத்துவிட்டது. 2010இல், ராணுவ வண்டி மாதிரி பிரமாண்டமாக இருந்த ஹம்மர் பிராண்டையே மூடினார்கள். சரி, இனிமேலாவது புத்தி வரும் என்று நினைத்தால், 2014இல் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே போனது. உடனே எல்லோரும் திரும்பவும் பெரிய வண்டிக்கு வரிசை கட்டினார்கள். 2018இல் ஃபோர்டு, வட அமெரிக்காவில் செடான்களை, அதாவது தனி டிக்கி வைத்த சாதாரண கார்களை, அநேகமாக நிறுத்திவிடுவதாகவே அறிவித்தது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பெட்ரோல் விலை ஆறு மாதத்தில் மாறும். வாங்கிய கார் பத்துப் பதினைந்து வருடம் வாசலில் நிற்கும். விலை இறங்கிய ஆறு மாதத்தைப் பார்த்துப் பதினைந்து வருடத்துக்கான முடிவை எடுக்கிறோம். நிறுவனங்களுக்கும் பெரிய வண்டியில்தான் லாபம், சின்னதை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். அப்புறம் விலை ஏறுகிறது. சின்ன வண்டி வேண்டும் என்று நாம் ஓடிப்போனால், மூலையில் தூசியும் செத்த பேட்டரியுமாக ஒன்றே ஒன்று நிற்கிறது.

"அப்ப எலக்ட்ரிக் வாங்கு" என்கிறான் என் மச்சான். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மூடிய அதே ஹம்மர் 2021 கடைசியில் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. எடை நாலு டன்னுக்கும் மேல். ஒரு மனிதரை அலுவலகத்தில் கொண்டுபோய் விட நாலு டன் இரும்பும் பேட்டரியும் நகர வேண்டுமா?

கிளம்பும்போது, சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று அந்த எஸ்யூவியின் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். கம்பளத்தைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை. டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சின்ன பம்பும், பஞ்சர் அடைக்க ஒரு டப்பா பசையும் கிடந்தன. "ஸ்டெப்னி எங்கப்பா?"

"எடையக் குறைக்க எடுத்துட்டாங்க சார். மைலேஜ் கூடும்ல?"

ஒன்றரை டன்னுக்கு மேல் வண்டியைச் செய்துவிட்டு, பதினைந்து கிலோ டயரைப் பிடுங்கி மைலேஜ் கூட்டுகிறார்கள். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை ஒன்றுக்கும் உதவாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அந்த டப்பாவை என்ன செய்வது?