பயப்படுவதும் தப்பான ஆளைப் பார்த்து

என் நெருங்கிய நண்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தொழுநோய் வந்தது. முதுகிலும் கையிலுமாக ஏழெட்டு வெளிறிய திட்டுகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. அதனாலேயே ஒன்றரை வருடம் அவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் தோல் மருத்துவர் நண்பரின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை மெல்லியதாகத் திரித்துத் திட்டின் மேல் தொட்டு, "தொடும்போது சொல்லுங்கள்" என்றிருக்கிறார். "எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று நண்பர் கேட்டாராம். அதற்குள் நான்கு முறை தொட்டாகிவிட்டது.

நோயின் பெயரைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி "குணமாகுமா?" என்பதல்ல. "இதை யாரிடமெல்லாம் சொல்லியாக வேண்டும்?"

குணமாகும் என்பதுதான் பதில், அதில் சந்தேகமே இல்லை. ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் என்று மூன்று மருந்துகள். திட்டுகள் குறைவாக இருந்தால் ஆறு மாதம், அதிகமாக இருந்தால் ஒரு வருடம். ரிஃபாம்பிசினின் முதல் வேளையே உடம்பிலுள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. 1995 முதல் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்புறம் ஏன் இந்தப் பயம்? என் யோசனையில், நாம் தொழுநோய் என்று மனதில் வைத்திருக்கும் படமே தவறு. மடங்கிய விரல்கள், அமுங்கிய மூக்கு, கட்டுப்போட்ட பாதம். இவை நோய் விட்டுப்போன வடுக்கள். அப்படி ஒருவரைச் சாலையில் பார்க்கும்போது அவர் பெரும்பாலும் என்றைக்கோ மருந்து சாப்பிட்டுக் குணமானவராக இருப்பார், அவரிடம் பரப்புவதற்குக் கிருமியே இருக்காது. எரிந்து அணைந்த வீட்டின் கரிச்சுவரைக் காட்டி, "கிட்டப் போகாதே, நெருப்பு" என்கிறோம். கிருமி இருக்கக்கூடியவரோ இன்னும் மருத்துவரிடம் போகாதவர். என் நண்பரைப் போல, பார்த்தால் எதுவுமே தெரியாதவர். நம் பயம் முழுக்க தப்பான ஆள் மேல் விழுகிறது.

விரல் அழுகி விழும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். கிருமி விரலைத் தின்பதில்லை. அதற்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும், அதனால் தோலிலும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளிலும் தங்குகிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். அதன்பின் நடப்பதெல்லாம் வலி இல்லாததால் வரும் வினை. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கை தானாக விடுபடாது. செருப்புக்குள் ஆணி ஏறியிருந்தாலும் நாள் முழுக்க அதன் மேல் நடப்பார்கள். கண் கூசாது, அதனால் இமையும் மூடாது, பார்வை போய்விடும். 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதைத் தான் நாள்கணக்கில் கவனித்து நிறுவினார். காலையில் எழும்போது சிலருக்கு விரலில் சதை காணாமல் போயிருந்தது. இரவில் எலி கடித்திருக்கிறது, உணர்ச்சி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. வலியைத் திட்டிக்கொண்டே வாழ்கிற நமக்கு, அது எவ்வளவு பெரிய காவல்காரன் என்பது புரிவதில்லை.

சரி, தொற்றாதா? தொற்றும், பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மிகவும் சோம்பேறியான கிருமி அது. ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. மருந்து எடுக்காத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் ஒட்டும், அப்போதும் மனிதர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு இருக்கிறது. கைகுலுக்குவதால், பக்கத்தில் உட்காருவதால் வராது.

இவ்வளவு பலவீனமான ஒரு கிருமிக்கு மனிதர்கள் போட்ட சட்டங்களைப் பாருங்கள். 1873இல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தபோது, பரம்பரை நோய் என்ற தவறான எண்ணம் உடைந்தது, நல்லதுதான். ஆனால் அது ஏற்கெனவே இருந்த தொற்றுப் பயத்துக்கு விஞ்ஞான முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டது. ஹவாயில் 1866 முதல் 1969 வரை சுமார் எட்டாயிரம் பேரை மொலக்காய் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பினார்கள், மலையும் கடலும் சூழ்ந்த இடம். இந்தியாவில் 1898இல் வந்த தனிமைப்படுத்தும் சட்டம் 2016இல்தான் முறையாக நீக்கப்பட்டது. ஜப்பான் தன் சட்டத்தை 1996இல் நீக்கியது, நோயாளிகள் வழக்குப் போட்டு வென்ற பிறகு 2001இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இந்தியத் திருமணச் சட்டங்களில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக 2019 வரை இருந்தது. குணப்படுத்தும் மருந்து வந்து முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேல் ஆகிவிட்டிருந்த காலம் அது.

இன்னொரு பக்கம், "அதைத்தான் ஒழித்தாயிற்றே" என்பவர்களும் இருக்கிறார்கள். ஒழிப்பு என்ற சொல் செய்த குழப்பம் இது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருந்தாலே அதற்கு ஒழிப்பு என்று பெயர் வைத்தார்கள். இந்தியா 2005இன் இறுதியில் அந்தக் கோட்டைத் தாண்டியது. ஆனால் 2023இல் மட்டும் உலகில் 1,80,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது, அதில் பாதிக்கு மேல் இந்தியாவில்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மடங்கிய விரல்களின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும்" என்று எழுதுகிறார்கள். தன் முதுகில் வெளிறிய திட்டைப் பார்ப்பவர் அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, "நமக்கு இது இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுவார். சந்தேகம் வந்தாலும் அந்தப் படமே அவரை மருத்துவரிடம் போகவிடாது. போடுவதானால் உணர்ச்சியற்ற ஒரு சாதாரண வெளிர்த்திட்டைப் போடுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத படமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

நோயின் பெயரை ஹான்சன் நோய் என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குஷ்டம் போய்த் தொழுநோய் வந்தது, பயம் பெயரோடு சேர்ந்து குடிபெயர்ந்துவிட்டது. அதே நேரம் "குஷ்டரோகி" என்பதை இன்னும் வசவாகப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை. போன வாரம்கூட அரசியல் சண்டை ஒன்றில், நன்றாகப் படித்த ஒருவர் எழுதியிருந்தார்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். க்ளோஃபாசிமினுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, தோல் செம்பழுப்பாகக் கறுக்கும், மருந்தை நிறுத்திய பிறகு மெதுவாகத்தான் பழைய நிறம் வரும். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். மாத்திரை அட்டையிலிருந்து அன்றன்றைக்கு உள்ளதைப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். பன்னிரண்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. கை கால் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இரண்டு விரல் நுனியில் மட்டும் மரத்த உணர்வு.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என் ஊர், வேலை, வயசு எதுவும் வேண்டாம்" என்றார். சிகிச்சை முடிந்து ஆறு வருடம் ஆகிறது.