ப்ரீதியில் பூட்டிக் கிடக்கும் நேபாளச் செய்திகள்

நேபாளிப் பத்திரிகை வரலாறு என்றால் 1901 மே 6-இல் வார இதழாகத் தொடங்கிய ‘கோர்காபத்ர’, பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சி முடிந்த கையோடு 1951-இல் வந்த முதல் நாளிதழ் ‘ஆவாஜ்’, 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியபோது செய்தி அறைகளுக்குள் வந்து உட்கார்ந்த ராணுவத்தினர் என்று பேச்சு போகும். பேச வேண்டியவைதான். ஆனால் 1990 மக்கள் இயக்கத்துக்குப் பின் கிடைத்த சுதந்திரத்தில், கணினியில் அச்சுக்கோத்த செய்திகள் இன்று எந்த நிலையில் கிடக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அந்தக் காலத்தில் பரவிய எழுத்துரு ‘ப்ரீதி’. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல, ஆங்கில விசைகளின் மேல் நேபாளியின் தேவநாகரி வடிவங்களை ஒட்டிவைத்தது, நம் பழைய தமிழ் எழுத்துரு பாமினி மாதிரி. ஆங்கில ‘ஜி’ விசை ‘ந’, மூடும் சதுர அடைப்புக்குறி ஏகாரக் குறி, ‘கே’ விசை ‘ப’, ‘எஃப்’ விசை கால், ‘என்’ விசை ‘ல’. ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் திரையில் ‘நேபால’. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. தேடுபொறிக்குத் தெரிவது அந்தக் குப்பைதான்.

யூனிகோடுக்கு மாற்றி வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். இலவச மாற்றிகள் நிறைய உண்டு. சிக்கல் வரிசையில். ப்ரீதியில் இகரக் குறியைக் கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் தட்டுவார்கள், பாமினியில் நாம் கொம்பை முதலில் தட்டுவதுபோல. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். இதைப் பெரும்பாலான மாற்றிகள் சரியாகச் செய்துவிடும். எழுத்தின் தலைமேல் ஏறும் ‘ர்’ குறிதான் வம்பு. ‘கார்யாலய’ என்பதில் அதை ‘யா’ முழுவதையும் தட்டிய பிறகு தட்டுவார்கள். மாற்றி அதைக் காலையும் தாண்டி ‘ய’வுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரே ஒரு குறி முன்னால் தள்ளினால் போதாது. தட்டிய இடத்திலேயே விட்டுவிட்டால் கிடைப்பது ‘காயார்லய’. அலுவலகம் என்ற அன்றாடச் சொல்லே இப்படிச் சிதைந்து பக்கம் பக்கமாகக் கிடக்கிறது.

எண்கள் இன்னும் மோசம். ப்ரீதியில் வெறும் 2 விசை ‘த்த’, 0 விசை ‘ண்’, 5 விசை ‘ச’. ஒரு செய்தியின் நடுவே ஆங்கில எழுத்துருவில் 2005 என்று இருந்து, முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் வருடம் ‘த்தண்ண்ச’ ஆகிவிடும். ஆகவே முதலில் கோப்பை எழுத்துரு வாரியாகத் துண்டாக்க வேண்டும், ப்ரீதித் துண்டை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றப் பழைய எழுத்துருக்களில் சில விசைகள் இடம் மாறும், அவற்றுக்குத் தனித்தனி அட்டவணை தேவை. மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. பிழையோடு மாற்றிவிட்டு மூலத்தை அழித்தால் திரும்ப வழியே இல்லை.

தேதியிலும் கவனம் வேண்டும். நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தின் ஆண்டில் 57-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்பது பாதி உண்மை. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை 56. ‘கோர்காபத்ர’ நாளிதழானது 2017 ஃபால்குன் 7, அதாவது 1961 பிப்ரவரி 18. 57-ஐக் கழிப்பவர் 1960 என்று குறித்துவைப்பார்.

சந்தேகம் வந்தால் அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். லலித்பூரின் மதன் புரஸ்கார் புஸ்தகாலயத்தில் பழைய நேபாளி இதழ்களின் பெரும் தொகுப்பு இருக்கிறது. மாற்றிகள் சிதைத்த சொற்கள் திருத்தப்படும்வரை, இணையக் காப்பகங்களில் தேடுகிற ஆய்வாளர்கள் ‘கார்யாலய’வோடு ‘காயார்லய’வையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கும்.