ஹெர்குலிஸ் கோபுரம்: வெளிச்சுவர் ரோமானியருடையதன்று

ஸ்பெயினின் லா கொருன்யா நகரிலுள்ள ஹெர்குலிஸ் கலங்கரை விளக்கம் ரோமானியர் கட்டிய அதே தோற்றத்தில் இன்றும் நிற்கிறது என்ற கருத்தைத் திருத்த வேண்டியுள்ளது. ரோமானியர் எழுப்பியது உள்ளிருக்கும் கல் உடல் மட்டுமே. வெளியே தெரியும் கருங்கல் போர்வையும் உச்சிப் பகுதியும் 1788ஆம் ஆண்டு தொடங்கிய சீரமைப்பில் கடற்படைப் பொறியாளர் எவுஸ்தாக்கியோ ஜியானினி அமைத்தவை. சுவரைச் சுற்றிச் சாய்வாக ஏறும் பட்டை, ரோமானியர் காலத்தில் வெளிப்புறமாக மேலேறிய சரிவுப்பாதையை நினைவூட்டவே செதுக்கப்பட்டது.

இதனால் அதன் பெருமை சிறிதும் குறைவதில்லை. 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான இவ்விளக்கம் இன்றும் கப்பல்களுக்கு ஒளி காட்டுகிறது. அங்குச் செல்வோர் உச்சிக்கு விரையாமல், அடித்தளத்தில் அகழ்ந்து காட்டப்பட்டுள்ள ரோமானிய அடிக்கட்டுமானத்தையும், கட்டடக் கலைஞர் கயஸ் செவியஸ் லூபஸ் பெயர் பொறித்த அருகிலுள்ள கல்வெட்டையும் நின்று பார்க்க வேண்டும். உண்மையான தொன்மை அங்கேதான் இருக்கிறது.