மலம் கேட்டு வந்தவர்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அதுதான். வாசலில் ஒரு செவிலியர், கையில் மூடி போட்ட சின்ன டப்பா, எதிரே போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தும் அப்பா. "போலியோதான் ஒழிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு எங்க பையனோட மலத்தைக் கேக்கறீங்க?" அந்தச் செவிலியரின் முகத்தை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிரிக்கிற எமோஜியோடு பகிர்ந்தவர்களில் நான் மதிக்கிற சிலரும் இருக்கிறார்கள். அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

அவர் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். போலியோ ஒழிந்துவிட்டது என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்களே, அப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணமே அந்த டப்பாதான். தேடிக்கொண்டே இருப்பதால்தான் இல்லை என்கிறோம். தேடுவதை விட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, தெரியாது என்றுதான் சொல்ல முடியும்.

15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கையோ காலோ துவண்டு போனால், அதை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பல வருடமாக இருக்கிற ஏற்பாடு. 1997-இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து நடக்கிற வேலை. குழந்தைக்கு பலவீனம் தொடங்கி 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும். ஏன் 14 நாள் என்றால், அந்த நாட்களில்தான் வைரஸ் மலத்தில் அதிகமாக வெளியேறும். அப்புறம் குறையத் தொடங்கிவிடும். எடுத்த மல மாதிரி சூடாகாமல் ஐஸ் பேக் வைத்த பெட்டியில் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அப்படி ஒரு ஆய்வகம் இருக்கிறது. 60 நாள் கழித்து மறுபடியும் போய், அந்தக் கால் தேறியதா என்று பார்க்க வேண்டும்.

"டாக்டரே போலியோ இல்லைன்னு சொல்லிட்டாரே" என்கிறார் அந்த அப்பா. சொல்லியிருப்பார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கில்லன் பாரே என்ற நரம்பு நோய் இருக்கலாம், தண்டுவட அழற்சி இருக்கலாம், ஊசி போட்ட இடத்தில் நரம்பு பாதித்திருக்கலாம். ஆனாலும் மலம் எடுத்தே ஆக வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதை வைத்து ஒரு நாடு கணக்கு எழுத முடியாது. உங்கள் மகனுக்குப் போலியோ என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆதாரம் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. போலியோவே இல்லாத ஊரிலும், லட்சம் குழந்தைகளுக்கு வருடத்தில் ஒருவருக்காவது வேறு காரணங்களால் கைகால் துவளும். உலக அளவுகோல் அதுதான். இந்தியாவில் அதை 2 என்று வைத்துக்கொண்டு தேடினார்கள். ஒரு மாவட்டத்திலிருந்து அப்படி ஒரு குழந்தைகூட வரவில்லை என்றால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். அங்கே யாரும் தேடவில்லை என்று அர்த்தம். ஆக, அந்தப் பையனைத் தேடிக்கொண்டு அந்த வாசல் வரைக்கும் ஒருவர் வந்தார் என்றால், அந்த மாவட்டத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நாம் நிம்மதிப்பட வேண்டும். நாமோ வீடியோ எடுத்தோம்.

இன்னொன்றும் உண்டு. போலியோ வைரஸ் தொற்றுகிற 200 பேரில் சுமாராக ஒருவருக்குத்தான் நிரந்தரமாகக் கால் போகும். மற்றவர்களுக்குக் காய்ச்சலோடு போய்விடும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது என்றால், அதற்குள் அந்த வைரஸ் எத்தனையோ வீடுகளைக் கடந்து வந்திருக்கும். அந்த ஒரு குழந்தையைத் தவறவிட்டால் மொத்தத்தையும் தவறவிட்டோம்.

நைஜீரியாவில் நடந்தது இதுதான். 2014 ஜூலைக்குப் பிறகு அங்கே போலியோ பதிவாகவில்லை. 2015-இல் போலியோ தொடர்ந்து பரவும் நாடுகளின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தார்கள். 2016-இல் போர்னோ மாநிலத்தில் குழந்தைகளுக்குக் கால் போனது. வைரஸின் மரபணுவைப் பார்த்தால், அதற்கு நெருங்கிய உறவான வைரஸைக் கடைசியாகப் பார்த்தது 2011-இல். அத்தனை வருடமும் அது அங்கேயே சுற்றியிருக்கிறது. போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் வன்முறையால் யாரும் போய்த் தேட முடியாத ஊர்கள் அவை. அங்கே துப்பாக்கி தடுத்தது. இங்கே செல்போன் தடுக்கிறது.

என் அக்கா கிராம சுகாதார செவிலியர். சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஒரு பண்டிகை விடுமுறையில் அக்காவோடு அப்படி ஒரு வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். குழந்தை அன்றைக்குக் காலையில் வெளிக்குப் போகவில்லை. அந்த வீட்டுத் திண்ணையிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். ஐஸ் பேக் உருகிவிடுமோ என்று அக்கா பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பாட்டி "வேற வேல இல்லையா உங்களுக்கு" என்று காது படவே சொன்னார். கடைசியில் கிடைத்தது. பெருவிரல் அளவு. அதைப் பத்திரமாக மூடி, பெயர், தேதி எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் அக்கா சாப்பிட்டாள். நேற்று அந்த வீடியோவை அவளும் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு ரெண்டாவது மாதிரிக்குப் போயிருக்கும்டா, முதல் தடவ குடுத்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது வரிசையாக வருவார்கள் என்று தெரியும்.

"பெற்றோர் பதற்றத்தில் இருக்கும்போது போய் மலம் கேட்டால் கோபம் வராதா?" வரும். இது நியாயம். குழந்தை எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும்போது எந்த அப்பாவும் நிதானமாக இருக்க மாட்டார். மருத்துவமனையில் சேர்த்த அன்றே யாராவது உட்கார வைத்து, எதற்கு எடுக்கிறோம், எத்தனை முறை எடுப்போம் என்று விளக்க வேண்டும். பல இடங்களில் அதைச் செய்வதில்லை. அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் கோபம் வேறு, பதிவு செய்து ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு.

"சொட்டு மருந்திலிருந்தே போலியோ வருதாமே, அதை மறைக்கத்தான் இதெல்லாம்." யாரும் மறைக்கவில்லை. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். தடுப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராத இடங்களில் அது குழந்தைக்குக் குழந்தை பரவி, மாறி மாறி, மறுபடி காலைப் பறிக்கிற வலு பெற முடியும். அரிது, ஆனால் உண்மை. 2024-இல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு வந்தது தடுப்பு மருந்து வைரஸிலிருந்து உருவானதுதான். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதே தேடலால்தான். 2016-இல் ஹைதராபாத்தில் சாக்கடைத் தண்ணீரிலேயே அப்படிப்பட்ட, போலியோவின் இரண்டாம் வகை வைரஸ் கிடைத்தது. ஒரு குழந்தைக்கும் கால் போகும் முன்பே லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். மருந்தின் மேல் சந்தேகம் இருக்கிறவர்தான் கண்காணிப்பு வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

"சாக்கடையிலேயே பார்க்கலாமே, வீட்டுக்கு ஏன் வரணும்?" சாக்கடையே இல்லாத ஊர்களுக்கு என்ன செய்வது, சொல்லுங்கள்.

"எவ்வளவு பணம் வீண்!" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் பெரியப்பா மகன் சொல்லட்டும். எழுபதுகளில் பிறந்தவர், இரண்டு வயதில் இடது கால் போனது. அவரைப் பாவம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது, நானும் சொல்லவில்லை. ஆனால் அதே வருடம் அதே தெருவில் இன்னொரு குழந்தைக்கும் கால் போனது. யாரும் வரவில்லை, யாரும் மலம் கேட்கவில்லை, எந்த நோட்டிலும் அந்த இரண்டு பேர் இல்லை. "அம்மா செஞ்ச பாவம்" என்று ஊர் சொன்னது. பெரியம்மா சாகிற வரைக்கும் அதை நம்பினார். தேடாத காலம் அப்படித்தான் இருந்தது.

2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. உலகத்தில் கிட்டத்தட்ட பாதி நம்மிடம்தான். 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. இயற்கையான போலியோ வைரஸால் இங்கே கால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை அவள்தான். ஆனால் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கைக்கு வந்தது 2014 மார்ச் 27-இல். நடுவில் இருந்த மூன்று வருடமும் என்ன செய்தார்கள்? வாசல் வாசலாக டப்பாவோடு நின்றார்கள். வெள்ளைக் கோட் போட்டவர் கேட்டிருந்தால் நாமும் பேசாமல் கொடுத்திருப்போம். பஸ்ஸில் வந்து இறங்குகிற, புடவை கட்டிய, நம் ஊர்ப் பெண் கேட்டதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. மலம் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்துகிறோம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்கு வலிப்பது அங்கேதான்.

"இன்னும் எத்தனை வருஷம்?" என்றும் கேட்பீர்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இருக்கிற வரைக்கும். அங்கே நின்ற பிறகும் சில வருடம். 2010-இல் நம் நாட்டிலிருந்துதான் தஜிகிஸ்தானுக்கு அது போய் நூற்றுக்கணக்கான குழந்தைகளை முடக்கியது. நமக்கும் அது எங்கிருந்தாவது வரலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் துவண்டால், போலியோவாக இருக்காது என்று நினைத்தாலும் அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள். இரண்டு மாதிரியும் கொடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன். அந்தச் செவிலியரைக் கேலி செய்து வருகிற கமெண்டுகளை நீக்குவேன். அந்த வீடியோவை இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.