மடக்குக் கத்திக்கு நாற்பதாயிரம் ரூபாய் கொடுக்கலாமா?

ஐந்நூறு டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு என் அக்கா மகன் வாங்கி வந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி. அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அவன் யோசனை கேட்டபோதே "வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் வாங்கிவிட்டான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அதை என் கையில் கொடுத்து, "மாமா, பார்க்காமலேயே வேண்டாம் என்றீர்கள். நான் ஊரில் இருக்கும் ஒரு மாதமும் இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லுங்கள்" என்றான். அவன் கேட்டது நியாயம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில், அதாவது கருவிகள் செய்யும் பிரிவில், 31 வருடம் வேலை பார்த்தவன் நான். எஃகைக் கடைந்தும், காய்ச்சித் தோய்த்துப் பதம் போட்டும் சாணை பிடித்தும் பிழைத்தேன். எனவே ஒரு கத்தியின் விலையைப் பார்த்தால், இதில் எந்த வேலைக்கு எவ்வளவு போயிருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போடும்.

அவன் வாங்கியது செபென்ஸா. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரத்தில் செய்யப்படுவது. இதை உருவாக்கிய கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காக்காரர். டர்பனில் கத்தி செய்துகொண்டிருந்தவர், 1989இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 'செபென்ஸா' என்பதற்கு ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருள். நல்ல பெயர். இந்தக் கத்தியில் வேலை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவ்வளவு விலை என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கைப்பிடி டைட்டானியம். டைட்டானியத்தில் கை வைத்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். வெட்டும்போது எழும் சூட்டை அது எளிதில் கடத்தாது. சூட்டில் பெரும்பகுதி வெட்டும் கருவியின் முனையிலேயே நிற்கும், கருவி சீக்கிரம் தேயும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பரப்பு கெட்டுவிடும். இந்தக் கத்தியில் அந்தக் கைப்பிடித் தகட்டிலேயே ஒரு பிளவு வெட்டி, ஒரு நாக்குபோல உள்ளே வளைத்திருக்கிறார்கள். அலகைத் திறந்ததும் அந்த நாக்கு அலகின் அடியில் போய் முட்டிக்கொள்கிறது. அதுதான் பூட்டு. தனியாக ஸ்பிரிங் எதுவும் இல்லை. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க விரல்களே அந்த நாக்கைப் பூட்டுக்குள் அழுத்துகின்றன. டைட்டானியம் எஃகோடு உரசினால் ஒட்டிக்கொண்டு தேயும் குணம் உடையது. அதற்காக இப்போதைய செபென்ஸாவில் நாக்கின் முனையில் ஒரு சிறிய பீங்கான் குண்டு பதித்திருக்கிறார்கள். அலகு சுழலும் அச்சில் புஷ் என்ற ஒரு சிறு உலோகக் குழாய் இருக்கிறது. திருகை முழுவதும் இறுக்கினாலும் அலகு பிடித்துக்கொள்ளாது, பக்கவாட்டில் ஆடவும் ஆடாது. புஷ்ஷின் நீளமும் அலகின் பருமனும் இரண்டு பக்க வாஷர்களும் மயிரிழை பிசகாமல் அமைந்தால்தான் அது நடக்கும். பிரித்துப் பார்த்தேன், திரும்பப் பூட்டினேன். வாழ்நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உயர்ந்த வேலை. அதற்குக் கூலி கேட்பது தவறே இல்லை.

பிறகு அதைக் கொண்டு மாங்காய் நறுக்கினேன்.

என்னிடம் பல வருடமாக ஒரு ஒப்பினெல் இருக்கிறது. எட்டாம் எண் அளவு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் தொடங்கிய கத்தி அது. பீச் மரப் பிடி, மெல்லிய அலகு, ஒரு ரிவெட், கழுத்தில் ஒரு வளையம், வேறு ஒன்றும் கிடையாது. அந்த வளையமும் 1955இல்தான் சேர்ந்தது. திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் அதன் விலை பதினைந்து யூரோவை ஒட்டித்தான். மழைக்காலத்தில் மரம் ஊறி அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களும் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு அந்தச் சின்னக் குறையின்மேல் கோபம் வந்ததே இல்லை.

இரண்டையும் ஒரே கல்லில் ஒரே கூருக்குத் தீட்டிவிட்டு ஒரே மாங்காயை ஆளுக்குப் பாதியாக அறுத்தேன். ஒப்பினெல் ஓசையில்லாமல் இறங்கியது. செபென்ஸா பாதி வரை நன்றாகப் போனது, அதன் பிறகு மாங்காய் அறுபடவில்லை, 'டக்' என்று பிளந்தது. காரணம் எளிது. ஒப்பினெலின் முதுகு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. செபென்ஸாவின் முதுகு மூன்றரை மில்லிமீட்டர். வாய்ப்பக்கம் குழிவாகக் கடைந்து மெலித்திருந்தாலும், அந்தப் பருத்த முதுகு உள்ளே நுழையும்போது ஆப்புபோல வேலை செய்கிறது. அறுப்பது என்பது கூர் மட்டும் செய்யும் வேலை அன்று, கூருக்குப் பின்னால் வரும் மெலிவும் சேர்ந்து செய்வது. பனையேறிகளின் பாளை அரிவாளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காகிதம்போலப் பாளையைச் சீவும் அந்த வாய்க்குப் பின்னால் இருப்பது மெலிவும் தினமும் தீட்டுப்பலகையில் தீட்டிய பழக்கமும்தான்.

அட்டைப்பெட்டி கதை வேறு. வீட்டில் புத்தகங்கள் வந்த பெட்டிகள் நிறையக் கிடந்தன. இரண்டு கத்திகளாலும் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டே போனேன். அட்டை பார்ப்பதற்கு மென்மையானது, ஆனால் எஃகைத் தின்னும். ஒப்பினெலின் கார்பன் எஃகு சீக்கிரமே வாய் மழுங்கி அட்டையைக் கிழிக்கத் தொடங்கியது. செபென்ஸா அதற்குப் பிறகும் வெகுநேரம் வெட்டியது. இதை மறைத்தால் நான் எழுதுவது நேர்மையாக இருக்காது. கிடங்கில் நாள் முழுவதும் பெட்டி பிரிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

செபென்ஸாவின் எஃகுக்குப் பெயர் மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்தது. சாதாரண முறையில் எஃகை வார்த்தால் அது மெதுவாக ஆறும். அதற்குள் எஃகில் இருக்கும் கார்பைடு என்ற கடினமான துகள்கள் பெரிய கட்டிகளாகத் திரண்டுவிடும். இந்த வகை எஃகில் உருகிய குழம்பை அழுத்தமான வாயுவால் சிதறடித்துப் பொடியாக்குகிறார்கள். ஒவ்வொரு துளியும் நொடியில் உறைந்துவிடுவதால் கார்பைடுகள் மிக நுண்ணியதாக, சீராகப் பரவி நிற்கும். பிறகு அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். துருவும் எளிதில் பிடிக்காது, வாயும் எளிதில் உதிராது. உண்மையிலேயே அருமையான எஃகு.

ஆனால் அதன் பலமே பயன்படுத்துகிறவருக்கு ஒரு சுமை. அதில் இருக்கும் வனேடியம், நியோபியம் கார்பைடுகள் நம் வீட்டுச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. கல் அந்த கார்பைடுகளை அறுக்காது, சுற்றியுள்ள எஃகை மட்டும் தேய்க்கும். சரியாகத் தீட்ட வைரத் தகடு வேண்டும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அது எந்தக் கத்திக்கும் நேரும். நூறு ரூபாய்க் கத்திக்கு நேர்ந்தால் மனது ஆறிவிடும். நாற்பதாயிரம் ரூபாய்க் கத்திக்கு நேர்ந்தால்? இத்தனை விலை கொடுத்து வாங்குபவர்களில் பலர் தீட்டவே தெரியாதவர்களாக இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். மழுங்கிய மேக்னாகட்டும் மழுங்கிய தகரமும் தக்காளிக்கு ஒன்றுதான்.

விற்பவர்கள்மேல் எனக்குள்ள கோபமும் இங்கேதான். எஃகின் பெயரைக் குதிரையின் குலம்போலச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். பதம் போட்டது யார், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று யாரும் பேசுவதில்லை. எஃகின் பெயரைவிடப் பதம் பெரியது என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. பக் நிறுவனத்தின் 110 என்ற மடக்குக் கத்தி 1960களிலிருந்து விற்கிறது. அதில் பல காலமாகப் பயன்படுவது 420எச்சி என்ற மலிவான எஃகு. பால் பாஸ் என்ற பதக்காரர் வகுத்த முறையில் அதற்குப் பதம் போடுகிறார்கள், அதனால் தன் தகுதிக்கு மீறி உழைக்கிறது. நம் கிராமத்துக் கொல்லர் அரிவாளைக் காய்ச்சி, நிறம் பார்த்து, தண்ணீரில் தோய்ச்சல் போடுவதும் அதே அறிவுதான். அவர் கண்ணால் பார்த்ததை இவர்கள் கருவியால் பார்க்கிறார்கள்.

டமாஸ்கஸ் என்ற பெயரில் அலையலையாகக் கோலம் போட்ட அலகுகளுக்கு இன்னும் பல நூறு டாலர் கூட்டுகிறார்கள். பழைய டமாஸ்கஸ் வாள்களின் புகழுக்குக் காரணமான உருக்கு தென்னிந்தியாவில் மூசை என்ற மண் குப்பியில் உருக்கிச் செய்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் அந்த உலைகளின் தடயத்தையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். இன்று கடையில் கிடைப்பது அது இல்லை. இரண்டு வகை எஃகை அடுக்கி, மடித்து அடித்து, அமிலத்தில் தோய்த்து வரி தெரியச் செய்வது. அழகுக்காக வாங்கலாம், அது அவரவர் விருப்பம். நன்றாக வெட்டும் என்று நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு விமான நிலையத்தில் கைப்பையிலேயே மறந்து வைத்துவிட்ட என் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அது என் மறதி. இரண்டு நாள் வருத்தம் இருந்தது, பிறகு அதே மாதிரி இன்னொன்று வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் இருக்கும் கத்தி தொலையும், தண்ணீரில் விழும், இரவல் போனால் திரும்பாது. தொலைந்தால் எத்தனை நாள் தூக்கம் கெடும் என்று யோசித்துப் பார்த்து விலையை முடிவு செய்வது நல்லது. கார்ல் எல்ஸனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் தொடங்கிய அந்த விக்டோரினாக்ஸ் பட்டறை இன்றும் அதே ஊரிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்கு நல்ல கத்தியைக் கொடுக்கிறது. எஃகு மென்மையானதுதான், ஆனால் சமையலறைக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். பென்சில், பழம், கயிறு, பார்சல் என்று நம்மில் பெரும்பாலானோருக்கு வரும் வேலைக்கு அது போதும். முதல் சில ஆயிரம் ரூபாயில் நல்ல பதமும் மெல்லிய அலகும் கிடைத்துவிடுகின்றன. அதற்குமேல் கொடுக்கும் பணம் பூட்டுக்கும் அச்சுக்கும் கைப்பிடிக்கும் போகிறது, கொஞ்சம் எஃகுக்கும் போகிறது. மாங்காய் வரைக்கும் அது போய்ச் சேர்வதில்லை.

ஒரு மாதம் கழித்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். டைட்டானியப் பிடியில் நிறையக் கீறல்கள். தேங்காய் நார், கம்பி வேலி, அட்டைப்பெட்டி எல்லாம் பார்த்த கத்தி அது. அக்கா மகன் அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தபோது அவன் முகம் வாடியது. வாங்கிய நாள் முதல் அவன் அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்திருக்கிறான். எதையும் அறுத்ததில்லை. எனக்கு விலையைவிட அதுதான் உறுத்தியது. டர்பனிலிருந்து கிளம்பிய ஒரு தொழிலாளி 'வேலை' என்று பெயர் வைத்துச் செய்த கருவி அது.

"வாங்கியது தப்பா மாமா?" என்று கேட்டான்.

"இனிமேல் இதை வைத்து என்ன செய்வாய்?" என்றேன். அவனிடம் பதில் இல்லை.

அவன் கிளம்ப ஐந்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துத் தீட்டக் கற்றுக்கொடுத்தேன். கோணம் மாறாமல் பிடிப்பது எப்படி, பிசிறு எழும்பியதை நகத்தில் உணர்வது எப்படி, அந்தப் பிசிறைத் தோலில் இழுத்து எடுப்பது எப்படி என்று. முதலில் என் பழைய ஒப்பினெலில்தான் பழகினான், இரண்டு நாள் அதைக் கெடுத்தான். நான்காம் நாள் செபென்ஸாவை எடுத்துக்கொண்டு வைரத் தகட்டின் முன் அவனாகவே உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்துபோய் அன்றைய செய்தித்தாளின் ஓரத்தை நீளமாகச் சீவினான், தாள் கிழியாமல் சுருண்டு விழுந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அந்த வைரத் தகட்டை அவன் பெட்டியில் கத்தியோடு சேர்த்து நானே வைத்தேன்.